எடுக்காமல் விட்ட சிரிப்பு

என் தம்பி நான்கு படங்களில் நடித்தான். முதல் படத்தில் கூட்டத்தில் ஒரு முகம். இரண்டாவதில் நாயகனின் நண்பன், மூன்று வசனம். மூன்றாவது வந்த பிறகு, வேங்கிக்காலில் இருக்கும் என் தையல் கடைக்கு ஜாக்கெட் தைக்க வந்தவர்கள் அளவு கொடுக்கும் முன்பே அவனைத்தான் விசாரித்தார்கள். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் ஜாஸ்தி. எட்டாவதோடு நின்றவள் நான். சாப்பிட்டானா, தூங்கினானா, யார் கண் பட்டதோ என்று ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்வேன்.

நான்காவதில் அவன் இரண்டாம் நாயகன். பாதியில் செத்துப்போகும் வேஷம். அடி அண்ணாமலையில் ஒரு வீட்டில் படப்பிடிப்பு என்பதால் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, கழுத்தில் ரோஜா மாலை. 'கட்' என்ற சத்தம் கேட்டதும் ஓடிப்போய் மாலையைப் பிய்த்தெறிந்தேன். பஞ்சைப் பிடுங்கினேன்.

உதவி இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! பொணமா நடிச்சவரு அதே மாலையோட எழுந்து கேமராவப் பார்த்துச் சிரிக்கணும். அத எடுத்துட்டுதான் மாலையக் கழட்டுவோம். இல்லன்னா நடிச்சவரு உசுருக்கு ஆவாதுன்னு சினிமாவுல ஒரு நம்பிக்கை."

"வேற மாலை வாங்கினு வந்துடறேங்க" என்று அழுதேன்.

தம்பி எழுந்து உட்கார்ந்தான். "என்னவிட எங்க அக்கா நல்லா நடிக்குது சார். நாளைக்குச் சிரிச்சிக்கலாம், விடுங்க. க்கா, இன்னா கொழம்பு?"

மறுநாள் எல்லாரும் சென்னைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் தினமும் போனில் கேட்டேன். "சிரிச்சியாடா?" "சிரிக்கிறேன் க்கா, நேரம் வரட்டும்."

இரண்டே வாரம். காய்ச்சல் என்றான். நான் சென்னைக்குப் போய்ச் சேர்வதற்குள் நெஞ்சில் சளி கட்டி, ஐசியூவில் மாஸ்க்கோடு கிடந்தான். உதவி இயக்குநருக்குப் போன் செய்து கெஞ்சினேன். பாவம், அந்த மனுஷன் கேமராவோடு ஓடி வந்தார். நான் பூக்கடைக்குப் போய் அதே மாதிரி ரோஜா மாலை வாங்கிப் பையில் மறைத்துக்கொண்டேன்.

வாசலில் நர்ஸ் பையைத் திறந்து பார்த்தாள். "மாலையா? உள்ள இருக்கிறவரு உசுரோட இருக்காரும்மா! உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

கேமராவையும் விடவில்லை. பார்க்கும் நேரம் என்று ஐந்து நிமிடம் என்னை மட்டும் விட்டார்கள். என் செல்போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "ஒரே ஒரு தடவ சிரிடா. அக்காவுக்காக." அவனே மாஸ்க்கைக் கீழே இழுத்தான். உதடு பிரிந்தது. உடனே இருமல். மெஷின் கத்தியது. நர்ஸ் என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் போய்விட்டான்.

"மாஸ்க்க எடுத்ததால ஒண்ணும் ஆகலம்மா" என்றார் டாக்டர். அது நிஜமா என்று இன்னும் இரண்டு டாக்டர்களிடம் கேட்டுவிட்டேன். அவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அந்த வீடியோவில் அவன் சிரிக்கிறானா, இருமுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. ஜாக்கெட் தைக்க வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக் கேட்கிறேன். "சிரிக்கிறாருக்கா" என்கிறார்கள். வீடியோ முடியும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.