பெரிய பிள்ளையார் மேலே

மல்லசமுத்திரம் செங்கோடனுக்குப் பாலத்து வேலையில் உத்தியோகம் கியூப் போடுவது. கான்கிரீட்டை இரும்பு அச்சில் குத்தி நிரப்பி, மேல்முகத்தைக் கரணையால் தேய்த்து, காயுமுன் ஆணியால் ஒரு 'உ' போட்டு அதன்கீழ் தேதி கீறுவார். பிள்ளையார் சுழி இல்லாமல் அவர் கடுதாசிகூட எழுதியதில்லை. தூண்களின் உச்சியிலும் ஒன்று கீறிவிடுவார். கியூப் இருபத்தெட்டு நாள் தண்ணீரில் கிடந்து, சேலம் போய், பலம் பார்க்கும் மெஷினில் நசுங்கும்.

1979 ஆடியில் ஊற்றிய மூன்றாம் தூணுக்கு வினை வந்தது. ஒரே கலவை, ஒரே கை. சதுர சென்டிமீட்டருக்கு இருநூறு கிலோ தாங்க வேண்டிய கியூப், சேலத்துக் காலேஜ் லேபில் இருநூற்றுப் பத்து தாங்கியது. ஆபீஸ் லேபில் நூற்று அறுபதில் உடைந்தது. ஆபீஸ் கணக்குத்தான் செல்லும். மிச்சமுள்ள மூன்றும் அங்கே தேறாவிட்டால் தூணை உடைப்பது, செங்கோடனை ஊட்டுக்கு அனுப்புவது என்று இன்ஜினியர் ஒரே மூச்சில் சொன்னார்.

செங்கோடன் மூன்றையும் ஈரச்சாக்கில் சுற்றித் தானே பஸ் ஏறினார். கண்டக்டர் லக்கேஜ் போட்டார்.

ஆபீஸ் லேபில் மெஷின் ஓட்டுவது கருப்பண்ணன். வேறு யாருடைய கியூபையோ பக்கவாட்டில் சாய்த்து, வழவழப்பான அச்சுமுகம் மேலும் கீழும் வர வைத்து நசுக்கினார். அடுத்து செங்கோடனுடையதை எடுத்து, கரணை ஓடிய கரடுமுகம் மேலே இருக்க நிறுத்தினார்.

"ஏனுங்க, அதைச் சாய்ச்சு வெச்சீங்க, இதை நிக்க வெக்கறீங்க?"

"உங்களுதுல புள்ளையாரு இருக்காருங்களே. அவரைச் சாய்க்கச் சொல்றீங்களா? எம்பட ஊட்ல புள்ளகுட்டி இருக்குதுங்க."

மேடுபள்ளமான முகத்தில் பாரம் மேட்டில் மட்டும் இறங்கும். கியூப் முன்னதாகவே உடையும். காலேஜில் சாமி பார்க்காமல் சாய்த்து வைத்திருப்பார்கள். தூணைக் கவிழ்க்கப் பார்த்தது தன் ஆணிதான் என்று செங்கோடனுக்கு விளங்கியது. சுழியை உரசி எடுக்கக் கல்லைக்கூடத் தேடினார். கை வரவில்லை. கடைசியில் குறி போடும் பெயிண்ட்டைக் கேட்டு வாங்கி, மூன்று கியூபிலும் பக்கவாட்டு முகத்தில் பெரிதாக ஒரு 'உ' போட்டார்.

கருப்பண்ணன் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப ரெண்டு புள்ளையாருங்களே. எது மேல?"

"பெருசுதானுங்க."

"சின்னது சாஞ்சுக்குமே?"

"கொழந்தைதானுங்களே, படுத்துக்கட்டும்."

நியாயம் என்று கருப்பண்ணனுக்கும் பட்டது. இருநூற்று எட்டு, இருநூற்றுப் பதினொன்று, இருநூற்றாறு.

தீவிர மேற்பார்வையால் இரண்டு லேபுக்கும் ஒற்றுமை ஏற்பட்டதாக இன்ஜினியர் ரிப்போர்ட் எழுதினார். செங்கோடன் அன்றிலிருந்து வேலையை விடும்வரை கியூபின் பக்கவாட்டில்தான் சுழி போட்டார், பெயிண்ட்டில். மூன்றாம் தூணின் உச்சியில் அவர் கீறிய 'உ'வை மட்டும் யாரும் சாய்க்கவில்லை.