கம்பளிப்பூச்சி பிடித்த முருங்கை

அந்த வருஷம் ஆவணி கடைசிப் பத்து நாளைக்குள் மூன்று மழை பெய்துவிட்டது. மூன்றாம் மழைக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் நின்ற முருங்கையில் கம்பளிப்பூச்சி பிடித்தது. அடிமரம் தெரியாமல் அப்பிக்கொண்டிருந்தன. ஓட்டுச் சந்து வழியாக இறங்கிச் சுவரில் ஊர்ந்தன. கொடியில் கிடந்த புடவையில் இருந்தன, குடத்து மூடியில்கூட ஒன்று. துடைப்பத்தால் தள்ளி, முறத்தில் வாரி, குழியில் கொட்டி மூடுவேன். மறுபடி தூறும். மறுபடி வரும்.

கல்யாணமாகி வடக்கனந்தலுக்கு வந்து எனக்கு இரண்டு வருஷம். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த சமயம். என் கணவரும் ஊர் ஆட்களோடு கோடாலி எடுத்துக்கொண்டு போயிருந்தார். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள், பஸ் ஓடவில்லை என்று மாமனார் சொன்னார். வீட்டில் அவரும் நானும்தான்.

மறியலின் மூன்றாம் நாள் காலை, கழியில் கந்தல் சுற்றிச் சீமெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, மரத்தைப் பொசுக்கிக்கொண்டிருந்தேன். சங்கராபுரம் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டு அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முழங்கால் வரை சேறு.

"இன்னாண்ணா, இந்த மழையில?"

அவர் என்னைப் பார்க்காமல் மாமனாரிடம் சொன்னார். "தங்கச்சியோட அப்பா தவறிட்டாருங்க. முந்தாநேத்து. ரோடு பூரா மரம், ஆளு அனுப்ப வழியில்ல. நேத்து எடுத்துட்டோம்."

"பந்தத்தக் கீழ வையிம்மா," என்றார் மாமனார்.

நான் வைக்கவில்லை. மரத்தின் மறுபக்கம் இன்னும் ஒரு கொத்து இருந்தது. அதையும் பொசுக்கினேன். பூச்சியின் முடி பறந்து முகத்தில் ஒட்டியது. வந்தவருக்குச் சோறு போட்டேன். மதியத்துக்குள் கண் இரண்டும் வீங்கிவிட்டன. மாமனார் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் கணவர் வந்தார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். செய்தி கேட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"சங்கராபுரம் ரோட்டுல நாங்கதான் வெட்டனோம்," என்றார். "எனக்கு இன்னா தெரியும்?"

தெரிந்திருக்காதுதான். அதை நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோபமும் வரவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது.

மறுநாள் நடந்தும் லாரி ஏறியும் போய்ச் சேர்ந்தோம். "அழுதழுது மூஞ்சி எப்பிடி வீங்கிக் கீது பாரு," என்று பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மா மட்டும் என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"கம்பளிப்பூச்சியா?"

தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் வரை அங்கேதான் இருந்தோம். மரம் வெட்டியதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கிளம்பும்போது, அப்பா பொங்கலுக்கு வாங்கிக் கட்டாமலே வைத்திருந்த வேட்டியை அம்மா அவரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பஸ் வந்தது. ஜன்னலோரம் நான் உட்கார்ந்தேன்.