தோற்றாலும் வேலை போகாது என்று அக்கா வாங்கிய வாக்கு

எங்களுக்கு இன்னொரு தாயாக இருந்த அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. மலையாள நாட்டுத் தலைநகரில், ஸ்ரீவராகம் பகுதியில் பிறந்தவர். அப்பா இளவயதிலேயே காலமானதால், படிப்பு முடிந்த கையோடு, அறுபதுகளில், நகரத்துக்கு வெளியே ஒரு ரப்பர் பாய்த் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தார். தம்பி தங்கைகளைப் படிக்கவைத்துக்கொண்டே ஊழியர்களைக் கவனிக்கும் பெர்சனல் ஆபீசராக உயர்ந்தார்.

எழுபதுகளில் அங்கே பாக்கிங் இயந்திரம் வரப்போவதாகச் செய்தி வந்தது. அந்தப் பிரிவுப் பெண்களுக்கு வேலை போய்விடும். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வாரம் ஒருநாள் டீ நேரத்தில் எல்லாப் பிரிவினரையும் சேர்த்து உட்காரவைத்து, அவரவர் வேலையைப் பற்றிப் பேசச் சொன்னார். அங்கேதான், பாய்க்குப் போக மீந்த ரப்பர் கலவையில் ஊன்றுகோலின் அடிக்கு மாட்டும் உறை செய்யலாமே என்றார் பாக்கிங் பிரிவில் இருந்த நாகர்கோவில் பக்கத்துச் செல்லம்மா. சொன்னவருக்கே பயம் வந்துவிட்டது.

“சரியா வரலன்னா எங்க தலையிலல்லா விழும், மேடம்?”

அக்கா நேரே மேனேஜரிடம் போனார். “தப்பானா தண்டனைன்னா யாரும் வாயைத் திறக்க மாட்டா சார். அந்த பாக்கிங் பொண்களே ஒரு செக்ஷனா இருந்து செஞ்சு பாக்கட்டும். தோத்தா யார் வேலையும் போகாதுன்னு வாக்குக் குடுங்கோ.”

மேனேஜர் யோசித்துச் சம்மதித்தார். அந்தப் பெண்களுக்குத் தொழிலைக் கற்றுத்தர வேண்டிய கலவைப் பிரிவு ஃபோர்மேன், மலையாளியான பாஸ்கரன் தயங்கினார். “எல்லாம் சொல்லிக் கொடுத்தா அப்புறம் எனக்கு எந்தா வேலை, மேடம்?”

“சொல்லிக் குடுக்கறவருக்குத்தான் இனிமே பிரமோஷன். மேனேஜர் ஒத்துண்டாச்சு” என்றார் அக்கா.

முதலில் செய்து மருத்துவமனைக்குக் கொடுத்த உறைகள் சில நாளிலேயே விரிசல் விட்டுவிட்டன. பெண்கள் அழுதார்கள். மேனேஜர் கொடுத்த வாக்கை மாற்றவில்லை, யாரையும் கடிந்துகொள்ளவில்லை. கலவையை வேகவைக்கையில் சூடு கூடிப்போனதுதான் காரணம் என்று பாஸ்கரனும் செல்லம்மாவும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். மறுமுறை செய்தவை தாங்கின. மருத்துவமனை தொடர்ந்து கேட்டது. இயந்திரமும் வந்தது; பாக்கிங் பெண்கள் உறைப் பிரிவுக்கு மாறினார்கள், ஒருவரும் வீட்டுக்கு அனுப்பப்படவில்லை.

அன்று பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்த அக்கா, “அப்பாடா, இன்னிக்குத்தான்டா நன்னா மூச்சு விடறேன்” என்று என்னிடம் சொல்லிவிட்டு, விளக்கு வைப்பதற்குள் தூங்கிப்போனார்.

ஓய்வு பெறுமுன்பே நோய் வந்தது. அதிகம் துன்பப்படாமல் போனார் என்பதே எங்களுக்கு ஆறுதல். சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், தோள்கொடுத்த உறவினர்களுக்கும் கைகூப்புகிறோம். தொழிற்சாலைப் பெண்கள் முறைவைத்து மருத்துவமனையில் துணையிருந்தார்கள். மருந்து எது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் வலிக்காது, கஞ்சி எந்தச் சூட்டில் இறங்கும் என்று அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்த பிறகே ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.