கவிழ்த்த கலயம்

செல்லக்கனி பொறாமைக்காரி. கோபம் இல்லாத நேரத்தில் கேட்டால் அவளே ஒத்துக்கொள்வாள்.

ராஜாக்கமங்கலத்துப் பக்கம் ஒரு பனைவிளையில் அவளுடைய ஓலைவீடு. புருஷன் ஞானதாசன் பனையேறி இறக்கும் அக்கானியை வீட்டுக்குள்ளேயே காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது அவள் வேலை. மாசியில் பற்றவைத்த அடுப்பு ஆவணி வரை ஓயாது. வாசலை விட்டால் புகைக்கு வேறு வழி கிடையாது. நாலு வயது மகள் அன்னப்பழம் இருமிக்கொண்டே வளர்ந்தாள்.

வேலிக்கு அப்பால் ஞானதாசனுடைய அண்ணன் வீடு. அண்ணன் மனைவி ஞானம்மைக்குப் பிள்ளையில்லை. மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்னிக் கொடுப்பாள். வெள்ளை நூலில் கரி படியக்கூடாது என்று, கொல்லம் ஆண்டு 1106-இல், பழைய அக்கானிக் கலயங்களின் அடியைத் தட்டியெடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி மண் பூசி, அடுப்பிலிருந்து கூரைக்கு மேல்வரை ஒரு புகைக்குழாய் எழுப்பிவிட்டாள். மழைக்காக உச்சியில் ஒரு கலயத்தைக் கவிழ்த்திருந்தாள்.

செல்லக்கனிக்கு வயிறு எரிந்தது. அதோடு போயிருந்தால் பொறுத்திருப்பாள். அன்னப்பழம் ஒரு மத்தியானம் பெரியம்மை வீட்டில் இருமாமல் தூங்கினாள். மறுநாளும் போனாள். பிறகு பாயையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"நான் வரமாட்டேன். அங்க பொகை."

பத்து மாதம் சுமந்தவள் நான், ஓட்டைக் கலயத்தை அடுக்கியவள் கொண்டுபோய்விட்டாளே என்று செல்லக்கனி அடுப்பிடம் புலம்பினாள்.

"மைனிகிட்ட கேட்டு நாமளும் ஒண்ணு வைப்போம்," என்றான் ஞானதாசன்.

"நான் செத்தாலும் கேக்கமாட்டேன்."

வேலி இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து அவளே கட்டினாள். உச்சியில் ஞானம்மை கவிழ்த்தது பழைய கலயம். இவள் கவிழ்த்தது புத்தம்புதுசு. அதில் குறை வைப்பாளா?

மகளை இழுத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்து அடுப்பை மூட்டினாள். குழாயில் ஏறிய புகை உச்சி வரை போய், அப்படியே திரும்பி வந்து வீட்டை நிறைத்தது. பிள்ளைக்கு மூச்சு முட்டிக் கண் செருகியது. ஞானம்மை ஓடிவந்து வாரியெடுத்துக்கொண்டு போனாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பனையிலிருந்து இறங்கிவந்த ஞானதாசன் கூரையைப் பார்த்தான்.

"ஏட்டி, மைனி கவுத்துன கலயத்துல சுத்திவர ஓட்டை உண்டு. அதுவழியாத்தான் பொகை போவுது. கீழ நின்னா தெரியாது."

"ஒமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெனமும் பனை மேலருந்து பாக்கேனே."

"பின்ன ஏன் சொல்லல்ல?"

"நீ கேட்டியா?"

அன்றைக்கே ஓட்டை போட்டார்கள். புகை ஒழிந்தது. அன்னப்பழம் மூன்று நாள் வாசலில் நின்று மோந்து பார்த்துவிட்டு, நாலாம் நாள் பாயோடு திரும்பி வந்தாள். அம்மை மடியில் படுத்து, ஒரு இருமல்கூட இல்லாமல் தூங்கிப்போனாள்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் செல்லக்கனி வாசலுக்கு நேரேயிருந்த வேலியைப் பார்த்தாள். இடுக்குக்கு அந்தப் பக்கம் ஞானம்மை நின்றிருந்தாள். கையில் நூல் இல்லை. தூங்கும் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை செல்லக்கனிக்குப் புதிதல்ல. இத்தனை நாளும் இந்தப் பக்கத்திலிருந்து அவளும் அப்படித்தான் பார்த்தாள்.

"வாங்கக்கா" என்று நாக்கு நுனிவரை வந்தது. கூப்பிடவில்லை. மடியில் கிடந்த பிள்ளையின் முகத்தை மட்டும் மெல்ல வேலிப் பக்கம் திருப்பிவைத்தாள்.