என்னைக் கேட்காமல் எடுத்த முடிவு

எனக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்த இடத்தில் நான் இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் தையலோடு படுத்திருந்தேன். விதையில் புற்றுநோய். ஆரம்பத்திலேயே தெரிந்ததால் ஒரு பக்கத்து விதையை மட்டும் எடுத்திருந்தார்கள். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில்லுக்கும் சொந்தக்காரர்களுக்கும் குடலிறக்க ஆபரேஷன் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம் அது.

டாக்டர் அப்பாவைத் தனியே அழைத்துப் பேசினார். எங்கள் பக்கம் அப்படித்தான். சீக்கு ஒருவனுக்கு, பேச்செல்லாம் அவனைப் பெற்றவரிடம். திரும்பி வந்த அப்பா, "வயித்துல கொஞ்ச நாள் கரண்டு வைக்கணுமாம்லே. பொறவு ஒரு தொந்தரவும் இல்ல" என்றார். வைத்துக்கொண்டேன். கல்யாணமும் நடந்தது.

வருஷங்கள் போயின, பிள்ளை இல்லை. பழி முழுக்க என் மனைவி தலையில். பிள்ளை வரம் கேட்டு அம்மா அவளை மடவார் வளாகம் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவாள். "ஏட்டி, இன்னும் எம்புட்டு நாளைக்கு இப்படியே இருப்ப?" என்று நாலு பேர் முன்னால் வைத்தே கேட்பாள்.

பொறுக்கமாட்டாமல் அதே டாக்டரிடம் போனேன். பரிசோதனை முடிவையும் என் பழைய ஃபைலையும் பார்த்தவர், "உயிரணு ரொம்பக் குறைவு. ஆனா உங்களுக்குத்தான் ரெண்டு பிள்ளைங்க இருக்கே?" என்றார்.

"யாருக்கு சார்?"

அவர் முகம் மாறிவிட்டது. "ஆரம்ப நிலைன்னா ரெண்டு வழி உண்டு தம்பி. ஒண்ணு கதிர்வீச்சு. இல்லேன்னா ஒண்ணும் செய்யாம, விடாம வரவச்சு ரத்தம், ஸ்கேன்னு பாத்துக்கிட்டே இருப்போம். திரும்ப வந்தா அப்ப வைத்தியம். பிள்ளை இல்லாதவங்களுக்கு அதைத்தான் முதல்ல சொல்லுவேன். கதிர்வீச்சு வச்சா பிள்ளை பெறக்குறது சிரமமாகலாம்னு சொன்னேன். அதுக்கு உங்கப்பா, ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அடிக்கடி வரவும் முடியாதுன்னார்."

கதிர்வீச்சால்தான் இப்படி ஆனது என்று அடித்துச் சொல்லவும் முடியாதாம். முழுசாக ஆத்திரப்படக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை!

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன்.

"கல்யாணம் ஆகலைன்னு சொன்னா, டாக்டரு பொண்ணு வீட்டுல சொல்லுன்னுருவாரோன்னு பயந்துட்டேன்லே. மாசாமாசம் மதுரைக்கு ஓடுனா ஊரு கேக்காதா? இப்ப என்ன, உசுரோடதான இருக்க?"

"இருக்கேன். பேச்சு வாங்குறது அவ."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அடுப்படிக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புற்றுநோய் உட்பட. அழுவாள், என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அத்த என்னைய அம்புட்டுப் பேச்சு பேசுறப்ப, மாமா அங்கனதான இருந்தாவ?"