ஒரே எண்ணில் இரண்டு கார்டுகள்

ஃபிலொமினா மெதெய்ரோஸ் யாரையும் லேசில் நம்பிவிடமாட்டாள். கறிக்கடையில் தராசு முள் நிற்கும்வரை கண்ணை எடுக்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பூசையைச் சீக்கிரம் முடித்தால், "டிவில கால்பந்து இருக்கு, அதான் இந்த ஓட்டம்" என்பாள். "ஊர்ல எல்லார்கிட்டயும் என்னைப் பத்தி விசாரிச்சுட்டு, திருப்தி இல்லாமத்தான் என்னைக் கட்டிக்கிட்டா" என்று அவள் புருஷன் மனுவேல் சிரிப்பான். அவனாவது சிரித்தான், மற்றவர்களுக்கு எரிச்சல்தான் வந்தது.

சான் ஹோசேயில் பழங்களை டின்னில் அடைக்கும் ஆலையில்தான் புருஷனும் பெண்டாட்டியும் பாதி வாழ்க்கையைக் கழித்தார்கள். அங்கே அடிபட்ட பழத்தைக்கூட யாரும் வீசமாட்டார்கள். கெட்ட பாதியைச் சீவி எறிந்துவிட்டு மீதியை ஜாமுக்கு அனுப்பிவிடுவார்கள். தோப்புகள் போய்க் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்ததும் ஆலையை மூடினார்கள். மனுவேலுக்கு அதற்குப்பிறகு வேலையே அமையவில்லை. ஃபிலொமினா சன்னிவேலில் கோர்ட்லிங்க் என்ற கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அப்போது அதைக் கம்பெனி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். பெரிய ஆய்வகம் ஒன்றில் முறைத்துக்கொண்டு வெளியே வந்த மூன்று பேர், கார்ப்பெட் கடை காலி செய்த இடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரையும் கம்ப்யூட்டரையும் கேபிளில் கோர்த்துப் பேசவைக்கும் கார்டு செய்தார்கள். அந்த மூவரில் ஒருவரான கோர்டன் ஹேஸ் இதை விளக்கியபோது ஃபிலொமினா கேட்டாள்: "ஒரே ஆபீஸ்ல இருக்கறவங்க எழுந்து போய்ப் பேசிக்கமாட்டாங்களா?" கோர்டன் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் ஆர்டர் குவிந்தது. எண்பத்து நான்கில் கார்ப்பெட் கடை போதாமல் பெரிய கட்டடத்துக்கு மாறினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பீரும் பீட்சாவும் கம்பெனி செலவு. அதையும் அவள் சந்தேகத்தோடுதான் தின்றாள்.

ஒவ்வொரு கார்டிலும் ஒரு சின்னச் சிப், அதில் ஓர் எண். வீட்டுக்குக் கதவு எண் மாதிரி. உலகத்தில் எந்த இரண்டு கார்டுக்கும் ஒரே எண் இருக்கக்கூடாது. சிப்பில் எண்ணை எழுதுவது எர்லிந்தா. மணிலாவிலிருந்து வந்தவள், கையில் வேலை பறக்கும். பக்கத்திலேயே உட்கார்ந்து அதைச் சோதிப்பது ஃபிலொமினா. சிப் தேறாவிட்டால் "ஒண்ணு போச்சு" என்று குரல் கொடுத்துவிட்டுச் சிவப்புத் தொட்டியில் போடுவாள். எர்லிந்தா வேறொன்றை எழுதித் தருவாள். மூன்று வருஷமாக இப்படித்தான். "அக்கா, அக்கா" என்றுதான் கூப்பிடுவாள் அந்தப் பெண். மகள் பிறந்தபோது ஞானஸ்நானத்துக்கு ஃபிலொமினாவைத்தான் ஞானத்தாயாக நிறுத்தினாள்.

ஃபிரெஸ்னோவில் ஒரு கல்லூரியிலிருந்து புகார் வந்தது: ஒரே எண்ணில் இரண்டு கார்டு, இரண்டு கம்ப்யூட்டரும் படுத்துவிட்டன. கோர்டன் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். "எழுதற இயந்திரம் தானா ஒரே எண்ணை ரெண்டு தடவ எழுதாது. யாரோ நம்ம கார்டை வெளிய கொண்டுபோய்க் காப்பி அடிக்கறாங்க. யாருன்னு தெரிஞ்சா அன்னிக்கே வெளிய."

ஃபிலொமினாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். காவலாளியைப் பார்த்தாள், துடைக்க வருகிறவனைப் பார்த்தாள். கடைசியில் எர்லிந்தாவைப் பார்த்தாள். மத்தியான வேளையில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளை வேன் வந்து நிற்கும். எர்லிந்தா ஓடிப்போய், தாளில் சுற்றிய பொட்டலத்தை உள்ளே கொடுத்துவிட்டு வருவாள். வேன்காரன் எதிர்ச்சாரிக் கம்பெனியின் அடையாள அட்டை மாட்டியிருந்தான். அவர்களும் கார்டுதான் செய்கிறார்கள்.

"யாரு அது?" என்று வாயைப் பிடுங்கிப் பார்த்தாள்.

"என் தம்பி அக்கா. சாப்பாட்டுக்கு லும்பியா சுருட்டிப் பொரிச்சுக் குடுத்தேன். அவன் கட்டின பொண்டாட்டிக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது."

தினமுமா லும்பியா? ஃபிலொமினாவுக்குத் தூக்கம் போயிற்று. காதும் காதும் வைத்தாற்போல் கோர்டனிடம் போய்ச் சொன்னாள். எர்லிந்தாவை உள்ளே கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் முகம் செத்துப்போயிருந்தது. யாரிடமும் பேசாமல் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஃபிலொமினா அடுத்த சிப்பை எடுத்துச் சோதித்தாள். தப்புச் செய்யாதவள் வாதாடியிருக்கமாட்டாளா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த மாதம் இன்னொரு ஜோடி திரும்பி வந்தது. எர்லிந்தா போனபிறகு செய்த கார்டுகள். கோர்டன் இரண்டையும் ஃபிலொமினாவின் விளக்குக்கு அடியில் வைத்தார். "எது நம்மது, எது திருட்டுன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தாள். இரண்டும் இங்கே செய்தவைதான். ஆனால் ஒரு சிப்பின் கம்பிக்கால் வளைந்து, யாரோ இடுக்கியால் நிமிர்த்திய தழும்பு இருந்தது. அந்த இடுக்கி அவள் பையில் இருந்தது.

சிவப்புத் தொட்டிச் சிப்புகளில் பாதிக்குக் கால்தான் கோணல். நல்ல சாமானைக் குப்பையில் போட அவள் கை கூசும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்து நிமிர்த்துவாள், சோதிப்பாள், தேறினால் நல்லதோடு சேர்த்துவிடுவாள். கம்பெனிக்கு லாபம்தானே என்று யாரிடமும் சொன்னதில்லை.

"கோர்டன், தேறாத சிப்புல எழுதின எண்ணை என்ன பண்ணுவோம்?"

"அதே எண்ணைப் புதுச் சிப்புல எழுதுவோம். எண்ணை எதுக்கு வீணாக்கணும்? பழசுதான் குப்பைக்குப் போயிடுதே."

ஃபிலொமினாவின் முகத்தில் ஈயாடவில்லை. "போகல. நான் எடுத்துட்டேன்" என்றாள். ஒன்று விடாமல் சொன்னாள். கோர்டன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "உங்களைத் திட்டவும் வாய் வரமாட்டேங்குது. எர்லிந்தாவைத் திரும்பக் கூப்பிடணும்" என்றார். "நானே போறேன்" என்றாள்.

மில்பிடஸில் எர்லிந்தா வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே உட்காரவைத்து, கேட்காமலே தட்டில் நூடுல்ஸ் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள் அந்தப் பெண். ஃபிலொமினா தொட்டி விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"தெரியும் அக்கா" என்றாள் எர்லிந்தா. "நீங்க தொட்டியைக் கிளறறதைப் பாத்திருக்கேன். கோர்டன் என்னைக் கூப்பிட்டுக் கேட்டப்பவே புரிஞ்சுபோச்சு."

"அப்பறம் ஏண்டி சொல்லல?"

"சொன்னா உங்களை அனுப்பிருப்பாங்க. மனுவேல் அண்ணனும் வீட்ல இருக்காரு. என் புருஷனுக்கு வேலை இருக்கு, நாங்க எப்படியோ சமாளிச்சுக்குவோம்."

ஃபிலொமினா தட்டைத் தள்ளி வைத்தாள். பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"வேன் விஷயத்தைக் கோர்டன்கிட்ட சொன்னது நான்தான்."

எர்லிந்தா அவளையே பார்த்தாள். உள்ளே குழந்தை அழுதது, அவள் எழுந்திருக்கவில்லை.

"யாரு போட்டுக் குடுத்தாங்கன்னு ஒரு மாசமா யோசிச்சேன்" என்றாள். "அந்தக் கட்டடத்துல ஒருத்தர் பாக்கியில்லாம எல்லார் மேலயும் சந்தேகப்பட்டேன். உங்க மேல மட்டும் வரல."

ஃபிலொமினா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். எர்லிந்தா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"திங்கக்கெழமை வர்றேன்னு சொல்லுங்க. எனக்கு வேற மேசை போடச் சொல்லுங்க."