சர்க்கரையின் பூர்வீகம்

1994இல், கோவை உக்கடத்தில் ஒரு டுடோரியல் இங்கிலீஷ் நடத்த ஆள் தேடியது. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் ஒரு சிற்றூரிலிருந்து ராமாமணி விண்ணப்பம் போட்டாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் பேனா நின்றது. அப்பா அப்புசாமி, அடுத்தவர் கரும்புக்காட்டில் கூலிக்கு நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறவர். 'சொந்த விவசாயம்' என்று எழுதிவிட்டாள். யாருக்குப் பயந்து அப்படி எழுதினோம் என்ற கேள்வி கோவை பஸ்ஸிலும் கூடவே வந்தது.

மாதிரி வகுப்புக்கு ஏதாவது ஒரு சொல்லை விளக்க வேண்டும். அவள் 'சுகர்' என்பதை எடுத்திருந்தாள். நிர்வாகி கோவிந்தராஜுலு அவளுடைய விண்ணப்பத்தோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

கரும்பலகையில் வலமிருந்து இடமாகப் பின்னோக்கி எழுதிக்கொண்டே போனாள். ஆங்கிலத்துக்கு முன் பிரெஞ்சு, அதற்கு முன் அரபி, பாரசீகம், கடைசியில் சமஸ்கிருதத்து 'சர்க்கரா'. "அதுக்குச் சரளைக்கல், பொடிக்கல்னு அர்த்தம்."

முன்வரிசையில் இருந்த இஸ்மத் எழுந்தாள். "ஏனுங்க மிஸ், அந்தக் காலத்துல காப்பியில கல்லையா போட்டுக் குடிச்சாங்க?"

வகுப்பு சிரித்தது. ராமாமணியும் சிரித்துவிட்டாள்.

"பாகு பதமானதும் மரத்தொட்டியில ஊத்திக் கட்டையால தேய்ப்பாங்க. ஆற ஆறப் பொடிக்கல்லாட்ட உதிரும். விட்டா ஒரே பாறையாயிரும், கை ஓயக்கூடாது."

"புக்குல போட்டிருக்குதுங்களா மிஸ்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கடைசி பெஞ்சைப் பார்த்தாள்.

"இல்ல கண்ணு. எங்கப்பா கூலிக்குக் காய்ச்சறவரு. லீவுல நானும் தேச்சிருக்கறேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இஸ்மத் மட்டும் கையில் சூடு படாதா என்று கேட்டாள். படும் என்றாள் ராமாமணி.

வகுப்பு முடிந்ததும் கோவிந்தராஜுலு விண்ணப்பத்தை மேசைமேல் விரித்தார். "சொந்த விவசாயம்னு போட்டிருக்கறீங்க அம்மணி."

"தப்பா எழுதிப்போட்டேனுங்க."

"நிலம் இருந்தாத்தான் வேலைன்னு நாங்க எங்கயாவது சொன்னமா?"

"இல்லீங்க."

அவர் தன் பேனாவை நீட்டினார். ராமாமணி அந்த வரியை அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதினாள். சின்ன இடம், எழுத்து நெருங்கிப்போயிற்று. அவர் கண்ணாடியைத் தூக்கிப் படித்தார்.

"வெல்லத்துக்கு இங்கிலீஷ்ல ஜாக்கரிங்கறாங்க. அது எங்கிருந்து வந்துதுன்னு பார்த்துட்டு வாங்க. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வகுப்பு."